தலைவரிகள்

காரக்கோணத்தில் எங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டு எல்லை பக்கம்தான். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போனது; நெய்யாற்றின்கரைக்காரர்கள் நாங்கள் இந்தப் பக்கம். இங்கே உட்கார்ந்துதான் லினக்ஸ் கெர்னலின் கீபேட் டிரைவர்களைச் சரிபார்க்கிறேன்.

முதலில் நிரல் கோப்பின் தலைவரிகளைப் படிப்பேன். மேட்ரிக்ஸ் கீபேட் கோப்பில் மாரெக் வாசுட், 2008 என்றிருக்கும். அதன் மூலம், ஷார்ப் கையடக்கக் கணினிக்கு ரிச்சர்ட் பர்டி எழுதிய 'கார்கி' டிரைவர். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் மாதிரி.

கீபேடில் கம்பிகள் குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு. எட்டுக் கம்பியில் 16 பொத்தான். அழுத்தியதும் உலோகம் சில மில்லிவினாடி துள்ளும். அடங்கும்வரை பொறுக்காவிட்டால் ஒரு '5' மூன்றாக விழும். அந்தப் பொறுமைக்கான வரி இல்லாத நிரலை ஒருமுறை சரியென்று அனுப்பிவிட்டேன். இன்றும் அந்த வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.