நிறுவனங்களின் பசுமை மின்சாரக் கொள்முதல் (தமிழ்நாடு)

நிறுவனங்களின் பசுமை மின்சாரக் கொள்முதல் என்பது தொழிற்சாலைகள், அலுவலகங்கள் முதலியன தமக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றாலை, சூரிய மின் நிலையம் போன்றவற்றிலிருந்து ஒப்பந்தம் மூலமோ சொந்த முதலீட்டின் மூலமோ பெறுவதாகும். தமிழ்நாட்டில் 1990களில் நூற்பாலைகள் சொந்தக் காற்றாலைகளை நிறுவியதிலிருந்து இம்முறை வளர்ந்தது. சென்னையின் தென்புறநகரில், 1984ல் தொடங்கிய தாம்பரம் ஏற்றுமதி வலயமும், சோழிங்கநல்லூர், சிறுசேரி மென்பொருள் வளாகங்களும் மின்தேவை மிகுந்த இடங்களாகும்.

செயற்பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தல், தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்குள்ள காற்றாலையின் மின்சாரம் தனிக் கம்பி வழியே தாம்பரத்துக்கு வருவதில்லை. எல்லா நிலையங்களின் மின்சாரமும் பொது மின்தொடரமைப்பில் கலக்கிறது. காற்றாலை செலுத்திய யூனிட்டுகள் வாங்கும் நிறுவனத்தின் மின்கட்டணத்தில் கழிக்கப்படுகின்றன. கம்பிகளைப் பயன்படுத்துவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சட்டப் பின்னணி

மின்சாரச் சட்டம், 2003 பெரிய நுகர்வோர் தாம் விரும்பும் உற்பத்தியாளரிடம் மின்சாரம் வாங்க வழிவகுத்தது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, நுகர்வோர் ஒரு மின் நிலையத்தின் உரிமையில் 26 விழுக்காடாவது வைத்திருந்து, அதன் ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காடாவது பயன்படுத்தினால் அது சொந்தப் பயன்பாட்டு நிலையமாகும். 2022ல் இந்திய அரசின் விதிகள், பசுமை மின்சாரம் வாங்குவதற்கான தகுதி வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன.

மின் அமைப்பின் மீதான விளைவுகள்

புதிய நிலையங்கள்: நீண்டகால ஒப்பந்தம் புதிய நிலையத்துக்குக் கடன் கிடைக்க உதவினால், மொத்தப் பசுமை உற்பத்தி உயர்கிறது. முன்பே இயங்கும் நிலையத்தின் மின்சாரத்தையோ சான்றிதழையோ வாங்கினால், பெரும்பாலும் கணக்கில் உரிமையாளர் மட்டுமே மாறுகிறார்.

நேரப் பொருத்தம்: தமிழகக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. எடுத்துக்காட்டாக, மாதம் 1 இலட்சம் யூனிட் பயன்படுத்தும் ஆலை ஆண்டுக்கு 12 இலட்சம் காற்றாலை யூனிட் வாங்கினால், ஏட்டளவில் அது முழுவதும் பசுமையானது. ஆனால் ஜூலையில் மிஞ்சுவதை வேறு எவரேனும் பயன்படுத்த வேண்டும். ஜனவரி இரவில் குறைவதைப் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களே ஈடுசெய்கின்றன. மிஞ்சிய யூனிட்டுகளைப் பின்னர் கழித்துக்கொள்ளும் 'மின் வங்கி' முறையில் இவ்வேறுபாட்டின் சுமை மின் வாரியத்தைச் சேர்கிறது.

கடத்துதிறன்: காற்று மிகுந்த மாதங்களில் கம்பிகளின் திறன் போதாமல் காற்றாலைகள் நிறுத்தப்பட்டதுண்டு. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொடரமைப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்தியக்கமாக இணைக்கப்பட்டது. இது மிகை மின்சாரத்தை வெளி மாநிலங்களுக்கு அனுப்ப உதவியது.

செலவுப் பகிர்வு: தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் செலுத்தும் உயர் கட்டணம், வீடுகளுக்கும் வேளாண்மைக்கும் வழங்கப்படும் குறைந்த கட்டணத்தின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. இந்நுகர்வோர் விலகினால் எஞ்சியோர் மீதோ அரசு மானியத்தின் மீதோ சுமை கூடும். இதனை ஈடுசெய்யக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. சொந்தப் பயன்பாட்டு நிலையங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. எனவே பெயரளவு உரிமை குறித்த வழக்குகள் பல எழுந்துள்ளன.

கணக்கிடும் முறைகள்

பசுங்குடில் வளிம நெறிமுறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, மின்சார உமிழ்வை வாங்கிய ஒப்பந்தத்தின் அடிப்படையிலும், இடத்தின் மின்தொடரமைப்புச் சராசரி அடிப்படையிலும் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது. முதல் கணக்கில் சுழியம் காட்டும் நிறுவனம், இரண்டாவதில் கணிசமான உமிழ்வைக் காட்டக்கூடும். 2020ல் கூகுள் நிறுவனம், ஆண்டு மொத்தத்துக்கு மாறாக ஒவ்வொரு மணி நேரத் தேவையையும் 2030க்குள் கரியற்ற மின்சாரத்தால் ஈடுசெய்யும் இலக்கை அறிவித்தது. மின்கலச் சேமிப்பும், காற்றும் சூரிய ஒளியும் இணைந்த நிலையங்களும் இத்தகைய நேரப் பொருத்தத்துக்கு உதவுகின்றன.