அச்சகத்துப் பிழையும் நம்ம வீட்டுப் பிழையும்

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. அரியலூர்க்காரர்களுக்கு ரயிலடி, பெரம்பலூர்க்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு (நமக்குத்தான் இன்னும் ரயிலே வரலையே!) என்று எங்கு வாங்கினாலும் புத்தகம் ஒன்றுதான். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. இன்று இந்தப் பழைய இதழ்களை நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். பரணில் கட்டு வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அச்சே கோணலா இருக்கு, இதுக்கு மதிப்பு உண்டா?"

உண்டு. ஆனால் கோணல் எங்கே நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

நம்ம மண்ணில் கிடைக்கும் கடல் நத்தைக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் கிடந்தபோதே உடைந்த ஓடு வேறு, நேற்று சுத்தியல் பட்டு உடைந்தது வேறு. புவியியல் மாணவர் யாரும் இரண்டையும் ஒன்றாக எழுத மாட்டார்.

காமிக்ஸும் அப்படித்தான். மலிவான தாள், அவசர அச்சு. நிறம் கோட்டை விட்டு விலகும். முன்னட்டைப் படம் முதுகைத் தாண்டிப் பின்னட்டைக்குப் போகும். பின் ஓரமாக இறங்கும். மடிந்த தாளின் மேல் அச்சேறி, பிரித்தால் வெள்ளைக் கோடு தெரியும். அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் 10 வரை புள்ளி போட்டுத் தரம் பிரிக்கிறது. அங்கே இத்தகைய சிறு அச்சகப் பிழைகளுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கைபட்டு வந்த மடிப்பு, கறை, கிழிசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. தவறுதலாக இரண்டு அட்டை சேர்த்துப் பின் அடித்துவிட்டால் அது அதிர்ஷ்டம்! வெளியட்டை அடி வாங்கிக்கொள்ள, உள்ளட்டையை வைத்துத் தரம் போடுவார்கள். ஆனால் ஒரு ஃபாரமே விட்டுப்போயிருந்தால், யார் தவறானாலும் அது குறைப் பிரதிதான்.

தபால்தலைக்காரர்கள் இதில் நேர் எதிர். 1854-ல் நம் நாட்டு நாலணாத் தலையை இரண்டு நிறத்தில் இரண்டு முறை அச்சிட்டார்கள். தாள் தலைகீழாகப் போனதில் விக்டோரியா ராணி கவிழ்ந்துவிட்டார். அந்தப் பிழைக்குத்தான் இன்று பெரும் விலை. அது அபூர்வம், காமிக்ஸில் கோணல் கட்டுக்கட்டாக வந்தது. அதனால் பிழை இருக்கிறது என்பதற்காக விலை ஏறிவிடாது.

உண்மையான சேதம் செய்தது நாம்தான், பாசத்தால். பத்து இதழைச் சேர்த்து பைண்டிங் செய்யக் கொடுத்தோம். பைண்டர் பின்னைப் பிடுங்கி, ஓரத்தைக் கட்டிங் போட்டு, சில சமயம் அட்டையையும் கழற்றிவிட்டார். வாடகை நூலகங்கள் கதையின் நடுப்பக்கத்திலேயே ரப்பர் முத்திரை குத்தின. இப்போது சிலர் "நேராக்குகிறேன்" என்று கோணல் ஓரத்தை வெட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! மன்னிக்கக்கூடிய அச்சகப் பிழை, அந்த நிமிடமே மன்னிக்க முடியாத வீட்டுப் பிழையாகிவிடும்.

எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரே இதழின் நாலைந்து பிரதிகளை அருகருகே வைத்தால் போதும். எல்லாவற்றிலும் அதே பக்கத்தில் அதே விலகல் இருந்தால் அது பெரும்பாலும் அச்சகத்திலேயே நேர்ந்தது. இன்றைய மாணவர்கள் இதழ் இதழாக அதைக் குறித்து வைக்கலாம். அடுத்த சந்திப்புக்கு வரும்போது பையில் இரண்டு பழைய இதழ் எடுத்துப் போட்டுக்கிட்டு வாங்க.