சிறு நகர வடிநிலங்களில் வெள்ளக் கணிப்பு

நகருக்குள் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை ஒரே ஓடையில் திரண்டு, எவ்வளவு பெருகும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் என்று கணக்கிடுவது நீரியலின் ஒரு பிரிவு. சிறுபாலத்தின் கண்ணும் மழைநீர் வடிகாலின் அகலமும் இதை வைத்தே முடிவாகின்றன.

முதலில் ‘எவ்வளவு’ என்ற கேள்விதான் இருந்தது. மதராஸ் மாகாணத்துக்காக 1884இல் ரைவ்ஸ் வகுத்த சூத்திரம், வடிநிலப் பரப்பைக் கொண்டே உச்ச வெள்ளத்தைச் சொன்னது. அதன் கெழு கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதைத் தாண்டி 160 வரை 8.5, மலையையொட்டிய குறுகிய பகுதிகளுக்கு 10.2. சுமார் 814 மீட்டர் உயர அண்ணாமலையின் அடிவாரத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குக் கடைசி எண்தான் பொருத்தம். பாறைச் சரிவில் விழும் நீர் வெகு விரைவில் தெருவுக்கு வந்துவிடும். ஆனால் ரைவ்ஸ் தரும் விடையில் ஆண்டுக்கணக்கு கிடையாது.

நகர வடிகாலுக்கு இன்றும் பயன்படுவது வேறொரு முறை. அயர்லாந்தின் மல்வானி 1850 வாக்கில் முன்வைத்ததை, 1889இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளுக்குக் குய்க்லிங் பயன்படுத்தினார். மழையின் வேகம், பரப்பு, வழிந்தோடும் விகிதம் மூன்றையும் பெருக்கினால் போதும். ஒரு சதுர கிலோமீட்டரில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, அதில் 30 விழுக்காடு வழிந்தோடினால் விநாடிக்கு ஏறக்குறைய 4 கன மீட்டர் நீர் வரும். அதே நிலம் சிமென்ட்டும் தாருமாகி 70 விழுக்காடு வழிந்தோடினால், அது 10 கன மீட்டரை நெருங்கும்.

‘எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்பதற்கு உறுதியான கணித அடித்தளம் தந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் பிறந்த கும்பெல். 1941இல் வெளியான அவர் கட்டுரை, ஆண்டுதோறும் பதிவான உச்ச வெள்ளங்களிலிருந்து மீள்வரு காலத்தைக் கணித்தது. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நினைப்பது ஆபத்தான தவறு. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு.

சிற்றோடைகளில் பெரும்பாலும் நீரளவுக் கருவி இருப்பதில்லை. அதனால் மழைப் பதிவிலிருந்தே வெள்ளத்தை ஊகிக்கிறார்கள். காலை 8.30 மணிக்கு எழுதப்படும் 24 மணி நேர மழையளவில், அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தது தெரியாது. மண் முன்பே ஊறியிருந்தால், பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழையே அதைவிட அரிய வெள்ளத்தைக் கொண்டுவரும்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவில் ஏழு பேர் இறந்தனர். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அணையிலிருந்து திறக்கும் நீருக்கு இப்படிக் கணக்கு உண்டு. மலையிலிருந்து தெருவுக்கு இறங்கும் நீருக்கும் அது வேண்டும். நகரங்களில் நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இலேயே பரிந்துரைத்திருக்கிறது.