தீர்ப்புக்கு முந்திய தண்டனை

தண்டனை தீர்ப்பின் பின்னரே தொடங்குதல் வேண்டும். 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமும் விளக்கமறியற் கைதியையும் தண்டனைக் கைதியையும் வேறுபடுத்தியே நோக்கிற்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, குற்றச்சாட்டின்றியே ஒருவரைப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்துவைக்கும் அதிகாரத்தை அமைச்சருக்களித்தது. இதன் விளைவை வன்னி அனுபவித்தறிந்தது.

1977 வன்செயலால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரை வவுனியாப் பகுதியிற் குடியேற்றிய காந்தீயம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம், 1983 ஏப்பிரலிற் கைதுசெய்யப்பட்டார். தீர்ப்பெதுவும் பெறாமலே, யூலை 27இல் வெலிக்கடைச் சிறையினுட் கொல்லப்பட்டார். யூலை 25, 27 ஆகிய இரு நாள்களிலும் அங்கு மாண்ட தமிழ்க் கைதிகள் 53 பேர். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

2005இற் கசையடித் தண்டனை சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. 2022இல் தடுப்புக்காவலின் உச்சவரம்பு பன்னிரண்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. ஆதலின், கைதிகளின் உரிமை பற்றிய ஆய்வு, சிறைக்கதவு யாருடைய ஆணையால் மூடப்படுகின்றது என்னும் வினாவினின்றே தொடங்குதல் வேண்டும்.