உள்ளீடற்ற இழைப் படிகச் சவ்வு

உள்ளீடற்ற இழைப் படிகச் சவ்வு என்பது, நூல் போன்ற நுண்துளைப் பலபடிக் குழாயின் சுவரில் உலோக-கரிமச் சட்டகப் படிகங்களை மெல்லிய படலமாக வளர்த்து உருவாக்கும் வாயுப் பிரிப்பான். மெல்லிய இழைகளைக் கட்டாக அடுக்குவதால், சிறு கொள்ளளவிலேயே மிகுந்த பரப்பு கிடைக்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சங்கர் நாயர் குழுவினர் உருவாக்கிய முறை 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இழையின் உட்புறம் துத்தநாக உப்பு கரைந்த ஆக்டனால் பாய்கிறது. வெளிப்புறம் 2-மெத்தில் இமிடசோல் கலந்த நீர் நிற்கிறது. ஒன்றோடொன்று கலக்காத இவ்விரு திரவங்களும் சந்திக்கும் எல்லையில் இசட்.ஐ.எஃப்-8 என்னும் உலோக-கரிமச் சட்டகப் படிகங்கள் விளைந்து, இடைவெளியின்றி இணைகின்றன.

இச்சவ்வு பிரிக்கும் வாயுக்களான புரோப்பிலீனும் புரோப்பேனும் கொதிநிலையில் ஏறத்தாழ 5 பாகை செல்சியசே வேறுபடுவதால், அவற்றைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது பெரும் ஆற்றலை விழுங்குகிறது. இப்படிகத்தின் சற்றே நெகிழும் துளைகளில் புரோப்பிலீன் விரைந்து நுழைகிறது. சிறிது பருத்த புரோப்பேன் பின்தங்குகிறது. படலத்தில் நுண்விரிசல் இருந்தால் இரண்டும் கசியும். எனவே குறையற்ற படலமே இத்தொழில்நுட்பத்தின் உயிர்நாடி.