எட்டாத வயர்

ஒராள் பாமினியிலும் இன்னொராள் யூனிகோட்டிலும் அடித்த ஒப்படையைக் கடைசி இரவில் ஒன்றாக்கி நாங்கள் பட்ட பாடு தெரியும்தானே. எயார்பஸ்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

ஏ380 விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீற்றர் வயர். வடிவமைக்க ஹம்பேர்க்கில் கட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பு, துலூஸில் 5ஆம் பதிப்பு. ஜேர்மனியிலிருந்து வந்த வயர்க்கட்டுகளைப் பிரான்சில் பொருத்தப்போனால், எட்டவில்லை. 2006இல் சிங்கப்பூர் எயார்லைன்ஸுக்குப் போகவேண்டிய முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான் போனது.

இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்தான். 2001இல் ஒரே கம்பனியானாலும் பழைய தேசியக் கம்பனிகளின் பழக்கம் விடவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். அடுத்து வந்த ஏ350இல் எல்லா நாட்டுப் பொறியியலாளர்களும் ஒரே டிஜிட்டல் மாதிரியில் வேலை செய்தார்கள். 2014 டிசெம்பரில் முதல் விமானம் கட்டார் எயார்வேய்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.