ஹேஸ்ட் (மேஜிக்: த கேதரிங்)

ஹேஸ்ட் என்பது ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டு ஆட்டத்தில் கிரீச்சர் வகைச் சீட்டுகளுக்கு உரிய திறன்களுள் ஒன்று. இத்திறன் உள்ள கிரீச்சர், களத்துக்கு வந்த அதே முறையில் (டர்ன்) எதிராளியைத் தாக்கலாம். தன்னை டேப் செய்து (சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி) பயன்படுத்தும் ஆற்றல் இருந்தால் அதையும் உடனே பயன்படுத்தலாம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், ஃப்ளையிங், டிராம்பிள் ஆகியவற்றைப் போலவே எந்தத் தொகுப்பிலும் இடம்பெறக்கூடிய நிலையான திறனாக ஹேஸ்ட் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இத்திறனால் கிடைப்பது ஒரே ஒரு கூடுதல் தாக்குதல்தான். ஆனால் பதிலடிக்கு எதிராளிக்கு இருந்த ஒரு முறை அவகாசமும் அதோடு பறிபோகிறது. இத்திறனுக்கு உள்ள மதிப்பெல்லாம் பெரும்பாலும் அந்தப் பறிப்பால் வந்தது.

விதி

ஹேஸ்ட் ஒரு தடையை நீக்கும் திறன் என்பதால் முதலில் அந்தத் தடையைச் சொல்ல வேண்டும். ஒருவர் தன் அண்மைய முறை தொடங்கியதிலிருந்து இடைவிடாமல் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கிரீச்சரைக் கொண்டுதான் தாக்க முடியும். ஆட்டக்காரர்கள் இதைச் ‘சம்மனிங் சிக்னஸ்’ என்கிறார்கள். விதிநூல் இப்பெயரை வழக்குப் பெயராக மட்டுமே குறிப்பிடுகிறது. இந்தத் தடை தாக்குதலுக்கும், டேப் அல்லது அன்டேப் குறியீட்டை விலையாகக் கொண்ட ஆற்றல்களுக்கும் மட்டுமே. புதிதாக வந்த கிரீச்சர் எதிராளியின் தாக்குதலைத் தாராளமாகத் தடுக்கலாம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இந்த டேப் குறியீடுதான். பச்சை மானா (சீட்டுகளின் விலையாகச் செலுத்தும் மந்திர சக்தி) தரும் லானோவர் எல்வ்ஸ் தன்னையே டேப் செய்வதால், இறங்கிய முறையில் அதிலிருந்து மானா எடுக்க முடியாது. ஆனால் ஹெரிட்டேஜ் ட்ரூயிட் சீட்டின் ஆற்றலுக்கு, டேப் ஆகாத மூன்று எல்ஃப்களை டேப் செய்வது விலை. அங்கே அந்தக் குறியீடு இல்லை. ஆகவே சற்றுமுன் இறங்கிய எல்ஃப்களையும் அதற்குப் பயன்படுத்தலாம். டிரையட் ஆர்பர் என்ற சீட்டு ஒரே நேரத்தில் லேண்டும் (மானா தரும் நிலச் சீட்டு) கிரீச்சரும் ஆகும். மற்ற லேண்டுகளைப் போல அதிலிருந்து உடனே மானா எடுக்கப் பார்த்தால் விதி குறுக்கே நிற்கும்.

கட்டுப்பாடு கை மாறினாலும் தடை புதிதாகத் தொடங்குகிறது. எதிராளியின் கிரீச்சரை ஒரு முறைக்கு மட்டும் பிடுங்கித் தரும் ஆக்ட் ஆஃப் ட்ரீசன் போன்ற சீட்டுகள் அதற்கு ஹேஸ்டையும் சேர்த்தே கொடுப்பது இதனால்தான். அது இல்லாவிட்டால் பிடுங்கிய கிரீச்சர் சும்மா நின்றுவிட்டு, உரியவரிடமே திரும்பிப் போகும். ஒரே கிரீச்சருக்கு ஹேஸ்ட் இரண்டு வழியாகக் கிடைத்தாலும் கூடுதல் பயன் இல்லை. தாக்குதல் கட்டம் முடிந்த பிறகு கிரீச்சரை இறக்கினால் ஹேஸ்ட் இருந்தும் அந்த முறை தாக்க முடியாது.

தோற்றமும் நிறமும்

1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே, பெயர் சூட்டப்படாமல், இத்திறன் இருந்தது. கறுப்பு நிறத்தின் நெதர் ஷேடோ அழைக்கப்பட்ட முறையிலேயே தாக்கலாம் என்று அதன் சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். பச்சை நிறத்தின் இன்ஸ்டில் எனர்ஜி அதே சலுகையை வேறொரு கிரீச்சருக்குக் கொடுத்தது. ஹேஸ்ட் என்ற ஒற்றைச் சொல் பின்னாளில்தான் சீட்டுகளில் ஏறியது. அதுவரை சீட்டுக்குச் சீட்டு வெவ்வேறு வாசகங்கள்.

இன்று இது முதன்மையாகச் சிவப்பின் சொத்து. கறுப்பிலும் பச்சையிலும் ஓரளவு உண்டு. நீலத்திலும் வெள்ளையிலும் அரிது. ஆட்டத்தின் ஐந்து நிறங்களில் ஆவேசத்துக்கும் அவசரத்துக்கும் உரியது சிவப்பு என்பதால் பொருத்தம் சரிதான். கிடைத்த கணமே பாய்வதும், நாளையைப் பற்றிக் கவலைப்படாததும் அந்த நிறத்தின் குணம்.

அதற்கு நல்ல சான்று, 1994-இல் ‘த டார்க்’ தொகுப்பில் வந்த பால் லைட்னிங். விலை மூன்று சிவப்பு மானா, வலு 6/1 (தாக்கும் வலு 6, தாங்கும் வலு 1), திறன்கள் டிராம்பிளும் ஹேஸ்டும். முறை முடிந்ததும் தானே பலியாகிவிடும். சிறு கிரீச்சரைக் குறுக்கே நிறுத்தித் தடுத்தாலும் மிச்சச் சேதம் எதிராளிமேல் பாயும். வகையால் கிரீச்சர் என்றாலும் நடைமுறையில் இது ஆறு புள்ளி சேதம் தரும் ஒரு மந்திரச் சீட்டு. அது களத்தில் கிடக்கும் நேரம் மிகக் குறைவு. தன் முறை வரட்டும் என்று காத்திருக்கும் எதிராளிக்கு அழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. களத்திலுள்ள கிரீச்சர்கள் அனைத்தையும் ஒழிக்கும் ராத் ஆஃப் காட் போன்ற சார்சரி வகைச் சீட்டுகளைச் சொந்த முறையில்தான் ஆட முடியும். அவற்றை நம்பி ஆடுபவர் களத்தைத் துடைத்துவிட்டு நிம்மதியாக உட்காரும்போது, அடுத்த முறையே ஒரு ஹேஸ்ட் கிரீச்சர் வந்து அடித்துவிடும். சிவப்புச் சீட்டுக்கட்டுகளுக்கு எதிராக, எந்நேரமும் ஆடக்கூடிய இன்ஸ்டன்ட் வகை அழிப்புச் சீட்டுகளுக்கு மதிப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வலுவுக்கு விலை உண்டு. ஹேஸ்ட் உள்ள கிரீச்சர் பொதுவாக மெலிந்ததாகவோ ஏதாவது குறையோடோ வரும். நான்கு மானாவுக்கு 4/1 ஆன லைட்னிங் எலிமென்டல் ஒரு மெல்லிய இடியிலேயே சாகும். 2009-இல் ‘ஜெண்டிகார்’ தொகுப்பில் வந்த காப்ளின் கைடு ஒரே மானாவுக்கு 2/2. ஆனால் ஒவ்வொரு தாக்குதலின்போதும் எதிராளி தன் கட்டின் மேல்சீட்டைக் காட்ட வேண்டும். அது லேண்டாக இருந்தால் இலவசமாக அவர் கைக்குப் போய்விடும். எதிராளிக்குச் சீட்டு வாரிக் கொடுக்கும் இந்தக் கிரீச்சரை விரைவுக் கட்டு ஆடுபவர்கள் விரும்பி எடுத்தார்கள். முதல் முறையிலேயே இரண்டு புள்ளி குறைப்பது அவர்கள் கணக்கில் அந்த நஷ்டத்தைவிடப் பெரியது.

பிறருக்கு ஹேஸ்ட் தரும் சீட்டுகள்

தனக்கே ஹேஸ்ட் உள்ள சீட்டுகளைவிட, மற்றவற்றுக்கு அதை வழங்கும் சீட்டுகளே கூடுதல் சுவாரசியமானவை. பெரிய கிரீச்சர்களின் விலையை நிர்ணயிக்கும்போது அவை ஒரு முறை சும்மா இருக்கும் என்று வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அனுமானம் உடைந்தால் கணக்கு முழுதும் மாறுகிறது.

2000-இல் ‘இன்வேஷன்’ தொகுப்பில் வந்த ஃபயர்ஸ் ஆஃப் யாவிமாயா இதற்குப் பாடநூல் உதாரணம். மூன்று மானாவுக்கு உன் கிரீச்சர்கள் அனைத்துக்கும் ஹேஸ்ட். அதன் துணை பிளாஸ்டோடர்ம்: நான்கு மானாவுக்கு 5/5, எந்த மந்திரமும் குறிவைக்க முடியாதது. ஆனால் ஆயுள் குறைவு. மூன்று எண்ணிகளோடு வரும். உன் முறை தொடங்கும்போதெல்லாம் ஒன்று கழியும். கழிக்க எண்ணி இல்லாதபோது பலியாகும். சாதாரணமாக மூன்று முறை தாக்கும், 15 சேதம். ஹேஸ்ட் சேர்ந்தால் நான்கு முறை, 20 சேதம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தொடங்கும் உயிர்ப்புள்ளிகள் சரியாக 20! இவ்விரண்டும் இருந்த கட்டிலேயே இடம்பெற்ற சாப்ரோலிங் பர்ஸ்ட் இன்னும் கொடியது. அதோடு வரும் ஏழு எண்ணிகளில் மூன்றை எடுத்து மூன்று டோக்கன் கிரீச்சர்களை உருவாக்கினால், மீதமுள்ள நான்கு எண்ணிகளுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் 4/4 ஆகும். ஹேஸ்ட் இருந்தால் அந்த 12 சேதமும் உடனே. அக்காலப் போட்டிகளில் ‘ஃபயர்ஸ்’ என்ற பெயரே இந்தக் கட்டைக் குறித்தது.

2002-இன் ஆங்கர் இன்னொரு தினுசு. அது செத்துக் கல்லறைக் குவியலில் கிடக்க வேண்டும், உன்னிடம் ஒரு மவுன்டன் லேண்ட் இருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற கிரீச்சர்களுக்கு ஹேஸ்ட். கல்லறையில் இருப்பதை அகற்றத் தனிச் சீட்டுகள் வேண்டும் என்பதால் அதைத் தொலைப்பது எளிதன்று. கருவி வகையில் 2003-இன் லைட்னிங் க்ரீவ்ஸ், 2011-இன் ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் என்னும் காலணிகள் உண்டு. இவை கமாண்டர் வகை ஆட்டத்தில் சாதாரணமாகக் காணக்கிடைப்பவை.

மறுபக்கம், ‘கொஞ்ச நேரத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு ஹேஸ்ட் தரும் சீட்டுகள். ஸ்னீக் அட்டாக் (1998) களத்தில் இருந்தால், ஒரு சிவப்பு மானாவுக்குக் கையிலுள்ள எந்தக் கிரீச்சரையும் ஹேஸ்டுடன் இறக்கலாம். முறை முடிவில் பலி. 15 மானா விலையுள்ள, 15/15 வலுவுள்ள எம்ராகூலை இந்த வழியில் இறக்கினால், அன்று மாலை அது செத்துவிடும் என்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. அது தாக்கும்போதே எதிராளி தன் களத்திலிருந்து ஆறு சீட்டுகளைப் பலிகொடுத்திருப்பார்.

முடிவற்ற படை

ஹேஸ்ட் ஒரு காம்போவின் (சேர்ந்து இயங்கும் சீட்டுகளின் கூட்டு) கடைசிக் கண்ணியாகவும் அமையும். ஸ்ப்ளிண்டர் ட்வின் (2010) ஒட்டிய கிரீச்சர், தன்னை டேப் செய்து, ஹேஸ்ட் உள்ள தன் நகலை உருவாக்கும். டிசீவர் எக்ஸார்க் களத்துக்கு வரும்போது உன் சீட்டு ஒன்றின் டேப்பை நீக்கும். எக்ஸார்க்கை எதிராளியின் முறையிலேயே இறக்க முடியும் என்பதால், உன் முறை வரும்போது அதற்குத் தடை ஏதுமில்லை. அதன்மேல் ட்வினை ஒட்டினால், பிறக்கும் ஒவ்வொரு நகலும் மூலத்தின் டேப்பை நீக்கும். மூலம் மறுபடி நகல் எடுக்கும். எத்தனை வேண்டுமோ அத்தனை நகல்கள், ஒவ்வொன்றின் வலுவும் வெறும் 1/4. ஹேஸ்ட் இல்லாவிட்டால் முறை முடிவில் மறைந்துபோகும் வெற்றுக் கூட்டம் அது. மாடர்ன் வகை ஆட்டத்தில் ஸ்ப்ளிண்டர் ட்வின் 2016 ஜனவரியில் தடை செய்யப்பட்டு, 2024 டிசம்பரில் விடுவிக்கப்பட்டது.

பிற ஆட்டங்களில்

டூயல் மாஸ்டர்ஸ் ஆட்டத்தில் இதே தடை உண்டு. அதை நீக்கும் திறன் அங்கே ஸ்பீடு அட்டாக்கர். யூ-கி-ஓ ஆட்டத்தில் தடையே இல்லை. அழைத்த அசுரன் உடனே தாக்கலாம். முதலில் ஆடுபவர் மட்டும் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது.

பிளிசார்ட் நிறுவனத்தின் கணினிச் சீட்டு ஆட்டமான ஹார்த்ஸ்டோன் (2014) இத்திறனைச் சார்ஜ் என்ற பெயரில் எடுத்துக்கொண்டு, நன்றாகப் பாடம் படித்தது. சார்ஜும் 6/2 வலுவும் உள்ள லீராய் ஜென்கின்ஸ் சீட்டின் விலையை அதே 2014-இல் நான்கிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். வலு குன்றிய தன் பக்கத்துப் படைக்கெல்லாம் சார்ஜ் கொடுத்த வார்சாங் கமாண்டரின் ஆற்றலை 2015-இல் அடியோடு மாற்றினார்கள். 2018-இல் ‘த விட்ச்வுட்’ தொகுப்போடு ரஷ் என்ற புதிய திறன் வந்தது. ரஷ் உள்ள வீரர் வந்த முறையிலேயே எதிர்ப்பக்க வீரர்களைத் தாக்கலாம். எதிராளியின் நாயகனைத் தொட அடுத்த முறை வரை பொறுத்திருக்க வேண்டும். அதன்பிறகு வந்த தொகுப்புகளில் ரஷ் ஏராளம், சார்ஜ் அபூர்வம்.